அவன்கிட்ட சொல்லாதே என்றார் உன் அப்பா

கண்ணா,

போனில் நான் பாதியைத்தான் பேசுகிறேன், மீதியை முழுங்கிவிடுகிறேன் என்று மது உன்னிடம் சொன்னாளாமே. கல்யாணமாகி இன்னும் மஞ்சள் கயிறு நிறம் மாறவில்லை, அதற்குள் மாமியாரைக் கண்டுபிடித்துவிட்டாள். உண்மைதான். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். எனக்கு வரிசை தப்பிவிடும். அப்புறம் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கென்று எழுதினாலும் வேறு யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நம் தெருவிலேயே பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு, அதில் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பிள்ளைகளும் படிக்கட்டும்.

உன் கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் போனில் கள்ளன் புகுந்தது உனக்குத் தெரியும். சாயங்காலம் நான் உன்னைக் கூப்பிட்டேன், நீ பெங்களூரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். சிம் கார்டை எடுத்தது, பேங்குக்குப் பேசிக் கணக்கை நிறுத்தியது, சைபர் போலீஸ் உதவி எண்ணில் புகார் கொடுத்தது எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. ஆனால் உனக்குத் தெரிந்தது சாயங்காலத்துக்குப் பிறகு நடந்தது மட்டும்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மூன்று மாதமாக அது எனக்கு நெஞ்சில் சோற்றுப் பருக்கை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

அது முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வந்த மாதம். யாரைப் பார்த்தாலும் கையில் பத்திரிகைப் பை. அப்பாவும் உன் பத்திரிகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, டெப்போவில் கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் போனில் அனுப்பிக்கொண்டிருந்தார். நேரில் போக முடிந்த வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில், தூரத்தில் இருப்பவர்களுக்குப் போனில் என்று அவர் பிரித்து வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனுஷன், எந்த பஸ் எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று பார்த்தே வயசானவர். யாருக்கு அனுப்பினேன், யார் பார்த்தார்கள், யார் இன்னும் பார்க்கவில்லை என்று அதையும் அப்படித்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

அன்று காலையில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. முசிறிப் பக்கம் இருக்கிறாரே, டிரைவராக இருந்தவர், அவர்தான். "எங்கள் இல்லத் திருமணம், குடும்பத்துடன் அவசியம் வரவும்" என்று போட்டு, கீழே திருமண அழைப்பிதழ் என்று பெயர் வைத்த ஒரு ஃபைல். அவருக்குக் கல்யாண வயதில் பேத்தி இருக்கிறாள். நாம் பத்திரிகை அனுப்பினோம், அவரும் அனுப்புகிறார், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அப்பா தொட்டார். ஏதோ இன்ஸ்டால் பண்ணட்டுமா என்று கேட்டது. சரி என்றார். எஸ்.எம்.எஸ். பார்க்க அனுமதி கொடு என்றது. அதற்கும் சரி என்றார். கடைசியில் பத்திரிகை வரவில்லை. வெள்ளைத் திரை மட்டும் ஒரு தடவை மின்னிவிட்டுப் போய்விட்டது. டவர் இல்லை போல என்று நினைத்துப் போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

குளித்துவிட்டு வந்தபோது அந்த முசிறிக்காரரே போன் செய்திருக்கிறார். "அண்ணே, என் நம்பர்லேருந்து ஏதாச்சும் பத்திரிகை வந்தா திறந்துடாதீங்க. என் வீட்டுல கல்யாணமே இல்ல. எவனோ போனுக்குள்ள பூந்துட்டான்" என்று சொல்லியிருக்கிறார். அப்போது நான் முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அப்பா "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொன்னது காதில் விழுந்தது. "யாருங்க?" என்று கேட்டேன். "சும்மா, கூட வேலை பார்த்தவன்" என்றார். நானும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

அதிலிருந்து மதியம் தாண்டும் வரை உன் அப்பா பட்ட பாடு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மொபைல் கடைக்குப் போயிருக்கிறார். கடைப் பையன் வேறு யாருக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தானாம். இவருக்கு நாலு பேர் முன்னால் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. போனை நீட்டி, "கொஞ்சம் சூடாகுதுப்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவன் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெயில்ல வச்சிருப்பீங்க சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தோடு எழுந்துவிட்டார். மோர் வேண்டாமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். கல்யாண அலைச்சல், பசிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கூடவே இருந்தும் ஒருவர் முகத்தை எவ்வளவு குறைவாகப் பார்க்கிறோம், பார்.

வெயில் சாயும் நேரத்தில் மேல அடையவளஞ்சான் வீதியிலிருந்து ஒரு பெண் ரவிக்கை வாங்க வந்தாள். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அக்கா, உங்க வீட்டுப் பத்திரிகை என் போன்ல திறக்கவே மாட்டேங்குது, என்னமோ செட்டிங்ஸ்னு கேக்குது, வேற அனுப்புங்களேன்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வீட்டுக்கு நான் நேரில் போய்க் குங்குமம் கொடுத்துப் பத்திரிகை வைத்துவிட்டு வந்திருந்தேன். "யாரு அனுப்பினா?" என்றேன். "அண்ணன்தான், பன்னெண்டு மணி இருக்கும்" என்று போனைக் காட்டினாள். அப்பாவின் படம், அப்பாவின் பெயர். "எங்கள் இல்லத் திருமணம், குடும்பத்துடன் அவசியம் வரவும்." நம் பத்திரிகையில் அப்படி ஒரு வாசகமே கிடையாது.

உள்ளே ஓடினேன். அப்பா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போனைத் துண்டில் சுற்றி, மடித்து வைத்த வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தார். அது உள்ளேயிருந்து ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் "பத்திரிகை திறக்கலையே" என்று கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் அவர் எடுத்துப் பதில் சொல்லவில்லை. போனை அணைத்துவிட்டாலே பாதி தப்பித்திருக்கும் என்றுகூட அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. பயத்தில் மனுஷனுக்கு மூளை அப்படி நின்றுவிடுகிறது.

"என்னங்க இது? ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்காமலே, "அவன்கிட்ட சொல்லாதே" என்றார்.

"யாருகிட்ட?"

"தம்பிகிட்ட. நானே சரி பண்ணிடறேன். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, இந்த நேரத்துல அவன் வாயில விழ வேணாம்."

கண்ணா, நான் இத்தனை நாள் முழுங்கியது இந்த வார்த்தையைத்தான். பணம் போகுமோ என்று அவர் பயப்படவில்லை. போலீஸ் வருமோ என்று பயப்படவில்லை. உன் குரலுக்குப் பயந்தார்.

அதற்கு முந்திய தீபாவளி உனக்கு நினைவிருக்காது. அன்று உனக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஏதோ துணிக்கடை இலவசப் பரிசு தருகிறது என்று வந்த ஒரு செய்தியை அப்பா நம் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். சித்தப்பா வீடு, அத்தை வீடு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீ சோபாவில் சாய்ந்துகொண்டே, "எத்தனை தடவைப்பா சொல்றது உங்களுக்கு? உங்களுக்கெல்லாம் எதுக்கு ஸ்மார்ட் போன்? பழைய பட்டன் போனை வாங்கித் தரேன், அதுதான் லாயக்கு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு உன் எதிரில் அவர் போனை எடுத்து எதையும் பார்த்ததில்லை. யாராவது அனுப்பியது புரியவில்லை என்றால் மாடிவீட்டுப் பிள்ளையிடம் கேட்பார். நீ ஊரிலிருந்து வந்தால் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அந்தப் பக்கமே போக மாட்டார். நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் நல்லதுக்குத்தான் சொன்னாய். ஆனால் அன்று நீ அவருக்குக் கற்றுக்கொடுத்தது, கண்டதைத் தொடக்கூடாது என்பதை அல்ல. தொட்டுவிட்டால் வெளியே சொல்லக்கூடாது என்பதைத்தான் அவர் கற்றுக்கொண்டார்.

அவர் சொல்லாதே என்ற பிறகும் உன்னைக் கூப்பிட்டேன் அல்லவா, அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். போனை வெளியே எடுத்து அணைத்தேன். என் போனிலிருந்து யாரையாவது கூப்பிடலாம் என்றால், என்னிடம் இருப்பதெல்லாம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்களின் நம்பர்கள்தான். அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் போனுக்குள்ளேயே இருந்தார்கள். அதைத் திறக்கவும் பயமாக இருந்தது. கூப்பிட்ட சிலரும் எடுக்கவில்லை. "நடந்து போய்ச் சொல்லுவோம் வாங்க" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு நான் செருப்பைப் போடுவதைப் பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் பின்னாலேயே வந்தார். அவர் அம்மா மண்டபம் சாலைப் பக்கம், நான் சித்திரை வீதிகளும் உத்திர வீதிகளும் என்று பிரித்துக்கொண்டோம்.

உன் கல்யாணத்துக்கு அழைக்கப் போன அதே வீடுகள். பத்திரிகை வைத்தபோது காபி கொடுத்து உட்கார வைத்த வீடுகள். இப்போது வாசலில் நின்று, "எங்க வீட்டுக்காரர் நம்பர்லேருந்து பத்திரிகை வந்தா திறக்காதீங்க, அழிச்சிடுங்க" என்று சொன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பார்த்தார்கள். சிலர் கல்யாணம் நின்றுவிட்டதோ என்று பதறினார்கள். ஒரு அம்மாள், "அப்ப நேர்ல குடுத்த பத்திரிகை நிஜந்தானே?" என்று கேட்டார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது, நிஜந்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். நல்லவேளை, நிறையப் பேர் திறந்தும் வேலை செய்யவில்லை என்று விட்டிருந்தார்கள். சிலர் போனில் பேங்கு சமாச்சாரமே கிடையாது. நான் மூச்சு விட ஆரம்பித்தபோதுதான் கீழச் சித்திரை வீதியில் ரங்கநாயகி டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தேன். எட்டாம் வகுப்பில் உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அவர்தான். தனியாக இருக்கிறார்.

டீச்சர் வாசல் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் போன். "வாடிம்மா. உன்னைத்தான் நினைச்சுண்டிருந்தேன். உங்காத்துக்காரர் பத்திரிகை அனுப்பிச்சாரேன்னு திறந்தேன், கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு அமுக்கினேன். இப்போ பேங்க்லேருந்து மெசேஜா வர்றது. என் கண்ணாடி வேற சரியில்லே, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்றார்.

வாங்கிப் படித்தேன். பென்ஷன் வருகிற கணக்கு. எல்லாம் எடுத்தாகிவிட்டது. அதை அவரிடம் படித்துச் சொன்னவள் நான்தான், கண்ணா. அவர் அழவில்லை, என்னைத் திட்டவில்லை. படியில் மெதுவாக உட்கார்ந்தார். "எப்போ திறந்தேன் தெரியுமோ? சாப்பிட்டுட்டுப் படுக்கப் போறச்சே. உங்காத்துப் பத்திரிகைன்னா பார்க்காம இருப்பேனா? அந்தக் குழந்தை எங்கிட்டே படிச்சவனாச்சே" என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது. அந்த நேரத்தில் அப்பாவுக்கு விஷயம் தெரிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. ரசத்தோடு எழுந்து, பீரோவில் போனை ஒளித்து வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. காலையிலேயே அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அல்லது உனக்குத் தைரியமாக ஒரு போன் போட்டிருந்தால், டீச்சர் நிம்மதியாகத் தூங்கி எழுந்திருப்பார். நம் கணக்கை நீ அன்று சாயங்காலமே நிறுத்தச் சொல்லிவிட்டதால் அதிலிருந்து ஒன்றும் போகவில்லை. அதுதான் உன் அப்பாவை இன்றைக்கும் அரிக்கிறது. நமக்குப் போயிருந்தால்கூட அவர் ஆறியிருப்பார்.

டீச்சர் வீட்டு வாசலிலிருந்துதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ கோபப்படத்தான் செய்தாய். "அப்பா எங்க? போனை அப்பாகிட்ட குடு" என்றாய். அவர் பக்கத்தில் இல்லை என்று பொய் சொன்னேன். அவர் அப்போதுதான் வியர்த்து விறுவிறுத்து வந்து, டீச்சர் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தெருவிலேயே கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் துறையூரிலிருந்து உன் மாமனார் வந்தார். அவர் வந்தது உனக்குத் தெரியும், மண்டபத்துச் சமையல்காரரிடம் பேச வந்ததாக உன்னிடம் சொன்னோம். அது அல்ல. அவர் போனுக்கும் அந்த ஃபைல் போய், அவரும் திறந்து, அவருடைய உரக்கடைக்கு வருகிற விவசாயிகள் எல்லோருக்கும் அவர் நம்பரிலிருந்து போயிருந்தது. சம்பந்தி அனுப்பிய பத்திரிகையைத் திறந்து சம்பந்தி கெட்டார் என்றால் அந்தச் சம்பந்தம் நிலைக்குமா என்றுதான் எனக்கு மனசு ஓடியது. டோல்கேட் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வந்தார். கையில் பூ, பழம் எதுவும் இல்லை. வெறும் கையோடு வருகிறாரே என்று சமையலறைப் பக்கம் ஒதுங்கினேன். அப்பா வாசலுக்குப் போய், "வாங்க சம்பந்தி" என்றார்.

அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "நல்லவேளைங்க, கடைக் கணக்கு வேற பேங்குல. ஒண்ணும் போகல. ஆனா என் கடைக்கு வர்றவங்க ரெண்டு பேருக்குப் பணம் போயிடுச்சு. அவங்க முகத்துல முழிக்கணும்" என்றார். அப்பா, "எல்லாம் என்னாலதான். காலையிலயே தெரியும் எனக்கு. உடனே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்" என்றார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இனிமேல் எது வந்தாலும் வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

உன் மாமனார் சொன்னார்: "உங்களை என்னங்க சொல்றது. எனக்கும் மத்தியானமே தெரிஞ்சு போச்சு. எங்க வீட்டுல மதுகிட்டக்கூடச் சொல்லல. பொழுது சாயற வரைக்கும் கடையில ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்காரு, மாமனாரு இப்படி ஒரு மடையனான்னு நெனச்சிடுவாரோன்னு இருந்துச்சு."

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணம் நடக்கும் என்று நிச்சயமானது அப்போதுதான். காபி கலக்க உள்ளே வந்தவள் அடுப்பை மூட்டாமல் அப்படியே நின்றேன். அங்கே ஒருவர், இங்கே ஒருவர். ஒரே நாளில், ஒரே மதியத்தில், இரண்டு பெரிய மனிதர்கள் நெருப்பு பரவுவது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பயம் உன்னிடம்தான். நீ கெட்டவனா? இல்லை. நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியும். தெரிந்தவன் என்கிற தோரணை உன்னிடம் கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்கே இவ்வளவு.

இப்போது நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று சொல்கிறேன். போனில் எது வந்தாலும், அனுப்பியவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், திறப்பதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு "நீங்கதான் அனுப்பினீங்களா" என்று கேட்கிறோம். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரியவர்கள் அனுப்பியதைச் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். கள்ளனுக்கு அந்த மரியாதைதான் கதவு. இப்போது கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது, கேட்கப்படுகிறவர்களும் பழகிவிட்டார்கள். பத்திரிகை என்றால் படமாக வரட்டும், இன்ஸ்டால் என்ற வார்த்தை வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்புக்கு நீ போடச் சொன்ன அந்த ஆறு எண் பூட்டைப் போட்டாயிற்று. பென்ஷன் கணக்கைப் போனிலிருந்து பிரித்துவிட்டு, காய்கறிக்கும் பாலுக்கும் மட்டும் சின்னதாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். எல்லாவற்றுக்கும் உன் பெயரையும் நீ பிறந்த வருஷத்தையும் பாஸ்வேர்டாக வைத்திருந்தேன். அதை மாற்றும்போது உன்னை வீட்டை விட்டு அனுப்புகிற மாதிரி இருந்தது, இருந்தாலும் மாற்றிவிட்டேன். முக்கியமான நாலைந்து நம்பர்களை அப்பா மனப்பாடம் செய்திருக்கிறார். பஸ் நேரம் ஒப்பிப்பது போலக் காலையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார். டீச்சர் கொடுத்த புகார் என்ன ஆயிற்று என்று போலீஸில் கேட்க அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் வருகிறார். பணத்தில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, முழுதும் வரவில்லை. வரும் வரைக்கும் நான் போவேன் என்கிறார்.

இவ்வளவு செய்தும் எனக்குப் பயம் போகவில்லை. போன் டிங் என்றாலே தையல் மிஷினை நிறுத்திவிடுகிறேன். எங்களை நினைத்து மட்டும் அல்ல. எங்களுக்கு இவ்வளவு சொன்ன நீ, வெளிநாடு கிளம்பிய அன்று திருச்சி ஏர்போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு உன் டிக்கெட்டும் மதுவின் டிக்கெட்டும் எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினாய். புது வீட்டுச் சாவியை உள்ளங்கையில் வைத்துப் படம் போட்டாய், அதில் கட்டிடத்தின் பெயரும் தெரிந்தது. ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் குளிக்கப் போவாய், நம் வீட்டில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்று மது சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே, நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதே. என்றைக்காவது அவசரத்தில், அரைத் தூக்கத்தில், உன் விரலும் தப்பான இடத்தில் படும். படட்டும், விரல் என்றால் அப்படித்தான். அன்றைக்கு உடனே மதுவிடம் சொல், ஆபீஸில் சொல்ல வேண்டியவரிடம் சொல். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காராதே. அவள் விரல் பட்டால், "ஏன் தொட்டே" என்று ஆரம்பிக்காதே. "எப்ப தொட்டே, இப்ப என்ன செய்யலாம்" என்று கேள். மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நாளைக்கு உங்களுக்குக் குழந்தை பிறந்து, அது ஏதாவது விளையாட்டில் யாரிடமாவது மாட்டிக்கொண்டால், முதலில் ஓடி வந்து உன்னிடம் சொல்கிற மாதிரி இரு.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "அவன்கிட்ட சொல்லாதே" என்று அவர் சொன்ன இடம் வந்ததும், "அதை மட்டும் எடுத்துடேன்" என்றார். எடுக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் இந்தக் கடிதத்தில் ஒன்றுமே இல்லை.

இனி எழுதப்போவதை அவரிடம் படித்துக் காட்டவில்லை. போன வியாழக்கிழமை நீ வீட்டுப் படங்கள் என்று ஒரு லிங்க் அனுப்பினாய். அப்பா தொடவில்லை. வழக்கப்படி உன்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒரு லிங்க் வந்திருக்கு, நீதான் அனுப்பினியா?" என்று கேட்டார். நீ ஏதோ மீட்டிங்கில் இருந்தாய் போலிருக்கிறது. "ஆமாம்ப்பா, வேற யாரு? இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அப்பா போனை மேஜை மேல் வைத்துவிட்டு, "வேலையா இருக்கான்" என்றார். பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நேற்று அவருக்கு வேறு யாரோ ஒரு படம் அனுப்பினார்கள். கேட்பதற்குப் போனை எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு, "தொந்தரவா நெனப்பாங்களோ?" என்றார். எனக்கு மறுபடியும் அந்த பீரோ முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன்னால் எந்த நேரத்தில் முடியுமோ அந்த நேரத்தில் அவரைக் கூப்பிடு. என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்கே கூப்பிடு. அன்றைக்கு நீங்கள் கேட்டது சரிதான், இனிமேலும் கேளுங்கள் என்று சொல். உன் வீட்டுப் படங்களை அவர் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

அம்மா